மறைக்கச் சொன்ன முகம்

“யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?” என்றார் தயாரிப்பாளர்.

“கதவைக் கேட்டோம் சார். அது ஒண்ணும் சொல்லலை” என்றான் கொக்கி.

தயாரிப்பாளர் சிரிக்கவில்லை. அந்த ஸ்டுடியோவில் அன்று யாருமே சிரிப்பதாக இல்லை. வரவேற்பில் இருந்த பெண், குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு, “கூலர் ரிப்பேர்” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூலர் அவள் முதுகுக்குப் பின்னால் ஜம்மென்று குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

வக்கீலம்மா தன் கார்டை நீட்டினார். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். படித்தது சட்டம். கோர்ட் வாசலை மிதித்தது இரண்டே தடவை, இரண்டு தடவையும் சாட்சியாக. மற்றபடி பிழைப்பு துப்பறிவதுதான். கொக்கி அவருக்கு உதவியாளன், டிரைவர், தலைவலி. முன்னாள் பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காத ஆளைப் பிடித்தால் இறங்கும் வரை விட மாட்டான் என்பதால் வந்த பேர் அது.

“பத்து நிமிஷம்” என்றார் தயாரிப்பாளர். “அதுக்கப்புறம் நான் ஸ்டேஷனுக்குப் போறேன். கம்ப்ளைண்ட் பாக்கெட்ல ரெடியா இருக்கு. அந்தப் பொண்ணு இனிமே எந்த ஸ்டுடியோ படியும் ஏறக்கூடாது.”

அந்தப் பொண்ணு என்று அவர் சொன்னது எடிட்டரை.

விஷயம் இதுதான். ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் தொட்டி வெடித்து ஆட்கள் செத்துப் போனார்கள். அதைப் பற்றி இந்த நிறுவனம் ஒரு டாக்குமெண்டரி எடுத்தது. எச்சரிக்கை மணியை மேனேஜரே அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார் என்று கேமரா முன்னால் சொல்ல ஒரே ஒருத்திதான் துணிந்தாள். அங்கே பேக்கிங் வேலை பார்த்தவள். முகத்தை மங்கலாக்குவோம், குரலை மாற்றுவோம் என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். போன வியாழக்கிழமை சாயங்காலம், அவள் முகம் பளிச்சென்று தெரிகிற போட்டோ ஒன்று தொழிற்சாலை ஆட்களின் மொபைல்களில் சுற்ற ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை வேலை போயிற்று. சனிக்கிழமை ஜன்னல் கண்ணாடி போயிற்று.

போட்டோவின் கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பேர் இருந்தது. எடிட்டரின் பேர்.

அதோடு போயிருந்தால் தேவலை. சாட்சி சொன்னவளும் எடிட்டரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். “நான்தானே எடிட் பண்றேன், உன் முகம் வெளில போகாது, நான் பொறுப்பு” என்று கெஞ்சிக் கூத்தாடி அக்காவைப் பேச வைத்ததே இந்தத் தங்கச்சிதான்.

வக்கீலம்மாவைத் தேடி வந்தவள் அந்த அக்காக்காரி. “என் தங்கச்சிதான் செஞ்சான்னு நிரூபிச்சுக் குடுங்க” என்று வந்து நின்றாள்.

“அதான் பேரே போட்டிருக்கே. இன்னும் என்னம்மா நிரூபிக்கணும்?”

“மனசு நம்ப மாட்டேங்குது. நிரூபிச்சுக் குடுத்தா வெறுக்கறதுக்கு வசதியா இருக்கும்.”

இப்போது அவள் கீழே கொக்கியின் காரில் உட்கார்ந்திருந்தாள். வழி நெடுகத் தங்கச்சியை வைதுகொண்டே வந்தாள். தீராத ஜலதோஷம் மாதிரி கரகரவென்று ஒரு குரல். கொக்கியின் காதில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

எடிட்டிங் அறை பேருக்குத்தான் அறை. ஜன்னல் இல்லை, இரண்டு மானிட்டர், எலும்பு வரை இறங்கும் ஏசி, கழுவாத காபி கப்புகள். எடிட்டர் திரும்பியே பார்க்கவில்லை.

“அக்கா அனுப்பின ஆளுங்கதானே? போட்டோ இருக்கு, அதுல என் பேர் இருக்கு. விலங்கு கொண்டாந்திருந்தா மாட்டிட்டுப் போங்க.”

“விலங்கை வீட்லயே மறந்துட்டேங்க. கயிறு பரவாயில்லையா?” என்றான் கொக்கி.

“கொக்கி” என்றார் வக்கீலம்மா. வாயை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார் என்று அதற்கு அர்த்தம். உட்கார்ந்தான்.

“நீங்க படத்தை ஏத்திப் பார்க்கற இந்த வெப்சைட் சமாசாரம் எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லு. திட்டிக்கிட்டே சொன்னாலும் சரி.”

திட்டிக்கொண்டேதான் சொன்னாள். “நான் வெட்டி ஒட்டினதை இதுல ஏத்துவேன். டைரக்டர், தயாரிப்பாளர், சவுண்டுக்காரர், அவங்கவங்க இருக்கற இடத்துலேர்ந்து பார்ப்பாங்க. பிடிக்காத இடத்துல நிறுத்தி, அங்கயே கமெண்ட் எழுதுவாங்க. நான் திருத்தி மறுபடி ஏத்துவேன். புது வெர்ஷன் பழசு மேல உட்காரும்.”

“பழசு எங்க போகும்?”

“எங்கயும் போகாது. கீழயே கிடக்கும், வேணுங்கறவங்க திறந்து பார்க்கலாம். முதல் வெர்ஷன்ல அக்கா முகத்தை மங்கலாக்கற ப்ளர் கிடையாது. தூக்கிடலாம்னு கேட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கணும், இருக்கட்டும்னுட்டார் டைரக்டர்.”

“பார்க்கற ஆளோட பேர் படத்து மேலயே விழுமோ?”

“யார் லாகின்ல ஓடுதோ அவங்க பேர். எவனாவது திருட்டுத்தனமா எடுத்தா மாட்டிக்கட்டும்னு. அந்த ஏற்பாட்டைப் பண்ணச் சொன்னதே நான்தான்.” உதட்டைப் பிதுக்கினாள். “நல்லா மாட்டிக்கிட்டேன்.”

வக்கீலம்மா மொபைலில் இருந்த அந்தப் போட்டோவை அவள் முன்னால் வைத்தார். உடைந்து அழுவாள் என்று கொக்கி எதிர்பார்த்தான். கைக்குட்டையைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டான். அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

“ச்சே! எவன் இப்படி நிறுத்தினது?”

“ஏன், முகம் தெளிவாத்தானே இருக்கு?” என்றான் கொக்கி.

“கண்ணைப் பாருங்க சார், பாதி மூடியிருக்கு! வாய் கோணியிருக்கு! நாலு ஃப்ரேம் தள்ளினா முடிஞ்சது.” முதல் வெர்ஷனைத் திறந்து அதே இடத்துக்குப் போனாள். ஒரு கீயை நாலு தடவை தட்டினாள். திரையில் அக்காவின் கண்கள் திறந்தன. மூன்று பேரும் அந்த முகத்தைப் பார்த்தார்கள். துணிச்சலும் பயமும் ஒன்றாகத் தெரிந்த முகம்.

“இமைக்கற இடத்துல படத்தை நிறுத்தினா எனக்குக் கை கூசும். விரல் தானா தட்டிடும்” என்றாள் எடிட்டர்.

“உனக்குக் கூசும். கூசாத ஆளா இருந்தா?”

“யாரா இருந்தாலும், ஒரு முகத்தைக் காட்டிக் குடுக்கணும்னா கண்ணு திறந்த இடத்தைத்தானே எடுப்பான்? ஒரு கீயைத் தட்ட என்ன கஷ்டம்?”

“கீயே இல்லைன்னா?” என்றார் வக்கீலம்மா.

எடிட்டர் கீபோர்டைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “ரிமோட்” என்றாள். “ரிவியூ ரூம் டிவில ஃப்ரேம் ஃப்ரேமா போக முடியாது. ரிமோட்டை அமுக்கினா தவளை மாதிரி தாவும். அது எங்க நிக்குதோ அங்கதான் பார்க்க முடியும். டிவியை யாரோ மொபைல்ல போட்டோ எடுத்திருக்காங்க!”

“அந்த டிவி யார் லாகின்ல ஓடுது?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “முதல் வெர்ஷனைக் காட்டின அன்னிக்கு நான்தான் என்னோடதைப் போட்டேன்.”

“அப்புறம் எடுக்கலையா?”

“எவ எடுப்பா? திரும்பப் போடணும்னா பாஸ்வேர்டை ரிமோட்ல ஒவ்வொரு எழுத்தா குத்தணும். குத்தி முடிக்கறதுக்குள்ள சாப்பாட்டு நேரமே முடிஞ்சிடும். எல்லாருமா அப்படியே விட்டுட்டோம்.”

“அடிப்பாவி” என்றான் கொக்கி. “பீரோவைப் பூட்டிட்டு, சாவியை அதுலயே தொங்க விட்டிருக்கீங்க.”

ரிவியூ அறை தாராளமாக இருந்தது. கனமான திரைச்சீலை, நீள சோபா, சுவரை அடைத்துக்கொண்டு டிவி. சோபாவின் நட்டநடுவில் டைரக்டர் உட்கார்ந்திருந்தார், மடியில் ரிமோட். ஓரத்து நாற்காலியில் சவுண்டுக்காரர், கழுத்தில் ஹெட்ஃபோன். அந்த மனிதர் பேசுவதற்கு வந்தவர் மாதிரித் தெரியவில்லை. தயாரிப்பாளர் வாசல் ஓரமாக நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் இவங்களை வெளில அனுப்பலையா?” என்றார் டைரக்டர். “ஃபாக்டரிக்காரன் காசு குடுத்தான், இவ வாங்கினா. கூடப்பிறந்தவளையே வித்துத் தின்னவ. இதுல துப்பறிய என்ன இருக்கு?”

எடிட்டர் பாய்ந்தாள். வக்கீலம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“டிவியைப் போடுங்க சார்.”

போட்டார். படம் வந்தது. கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் எடிட்டரின் பேரும் வந்தது. தயாரிப்பாளர் கடிகாரத்தை மறந்துவிட்டு டிவி பக்கத்தில் போய் நின்றார்.

“அவ லாகின் இந்த டிவியில முதல் நாள்லேர்ந்து அப்படியே கிடக்கு” என்றார் வக்கீலம்மா. “முகம் தெரியற வெர்ஷனும் கீழயே கிடக்கு. இங்க உட்கார்ந்து யார் அதைத் திறந்தாலும் அவ பேர்தான் விழும்.”

தயாரிப்பாளர் தொப்பென்று சோபாவில் விழுந்தார். டைரக்டர் அசரவில்லை.

“சரி, ஒத்துக்கறேன். அப்போ யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம். நான், இவர், சவுண்டு, அவளேகூட. மொத்தத்துல நீங்க கண்டுபிடிச்சது, யாருன்னு தெரியாதுங்கறதைத்தான்.”

கொக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆள் சொன்னதில் தப்பு இல்லை என்பதால் இன்னும் அதிகமாக எரிந்தது. இந்த லட்சணத்தில் கீழே போய் அந்த அம்மாவிடம் என்ன சொல்வது?

“கடைசியா ஏத்தின வெர்ஷனைப் போடுங்க” என்றார் வக்கீலம்மா. “அவங்க பேசற இடம்.”

“எத்தனை தடவைதான் பார்ப்பீங்க?”

“போட்டோவைத்தான் பார்த்திருக்கேன். இன்னும் படத்தைப் பார்க்கலை.”

டைரக்டர் சலித்துக்கொண்டே ரிமோட்டை அமுக்கினார். படம் தாவித் தாவி வந்து நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் தீற்றல். கொக்கிக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. திரைச்சீலையில் இருந்த ஓட்டையை எண்ணியபடி நின்றான்.

“மணி அடிக்கவே இல்லை. அடிச்சிருந்தா ஓடியிருப்பாங்க...”

கொக்கி சட்டென்று வாசல் பக்கம் திரும்பினான். “ஏம்மா, உங்களைக் கார்லயே இருங்கன்னு சொன்னேன்ல?”

வாசலில் யாரும் இல்லை.

“யாரோட பேசறே நீ?” என்றார் தயாரிப்பாளர். “மூளை கீளை குழம்பிப் போச்சா?”

“இல்ல சார், காலையிலேர்ந்து காதைக் குடைஞ்ச குரல் சார் இது. அச்சு அசல் அவங்க...” கொக்கி பாதியில் நிறுத்தி, டிவியைப் பார்த்தான்.

வக்கீலம்மா டிவி முன்னால் போய் நின்றார். போன வேகத்தைப் பார்த்ததுமே கொக்கிக்குத் தெரிந்துவிட்டது, தான் உளறியது வீண் போகவில்லை.

“முகத்தை மூடி வச்சிருக்கீங்க” என்றார். “குரல் ஏன் திறந்திருக்கு?”

எடிட்டர் டிவிக்கு அருகில் ஓடினாள். “முந்தின வெர்ஷன்ல குரலைக் கனமா மாத்தியிருந்ததே! இது அக்காவோட சொந்தக் குரல். ஒலியெல்லாம் சேர்க்கற மிக்ஸ் முடிஞ்சதும் சவுண்டு சார்தான் நேரா ஏத்துவார். இந்தக் கலாட்டால நான் இதைக் கேட்கவே இல்லை.”

எல்லோரும் சவுண்டுக்காரர் பக்கம் திரும்பினார்கள். அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தார்.

“என்னை ஏன் முறைக்கறீங்க? குரலை மாத்த வேண்டாம், இயல்பா வச்சே மிக்ஸ் பண்ணுன்னு சொன்னாங்க. பண்ணினேன்.”

“யார் சொன்னா?”

“அதோ உட்கார்ந்திருக்காரே, அவர். கமெண்ட்ல எழுதுங்க சார்னு கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், சொன்னதைச் செய்யின்னு எரிஞ்சு விழுந்தார்.”

டைரக்டர் தாடியைத் தடவிக்கொண்டே சிரித்தார். “ஆமா, சொன்னேன். முகமே ஊர் சுத்திக்கிட்டு இருக்கு. இனி குரலை மறைச்சு என்ன கிழிக்கப் போறோம்? இதுல என்ன தப்பு?”

“தப்பே இல்லை சார்” என்றார் வக்கீலம்மா. “முகம் ஊர் சுத்தக் கிளம்பினது என்னிக்கு?”

“வியாழக்கிழமை சாயங்காலம். எல்லாருக்கும் தெரியுமே.”

“கொக்கி, இந்த வெர்ஷன் என்னிக்கு ஏத்தினதுன்னு கீழே போட்டிருக்கு பார்.”

கொக்கி குனிந்து பார்த்தான். அவனுக்கு வாயெல்லாம் பல். “அந்த வியாழனுக்கு முந்தின நாள், புதன்கிழமை மேடம்.”

“மிக்ஸ் பண்ணவே மூணு நாள் ஆச்சு” என்றார் சவுண்டுக்காரர். “அவர் சொன்னது அதுக்கும் முந்தி.”

டைரக்டரின் கை தாடியிலேயே நின்றுவிட்டது.

“முகம் வெளில போறதுக்கு முந்தியே, போகும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதை வெளியே விடறது ஒரு நிமிஷ வேலை” என்றார் வக்கீலம்மா. “ரிமோட்டும் மொபைலும் போதும். குரலை மிக்ஸ் பண்ண நாளாகும். படம் அனுப்ப வேண்டிய தேதி வேற நெருங்குது. அதனால நாளாகற வேலையை முதல்ல ஆரம்பிச்சிட்டீங்க. நல்ல டைரக்டர் அப்படித்தான் செய்வார். வேலை தெரியாத தடியனா இருந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க சார்.”

கொக்கி அந்த ஆளுக்குக் கொடுத்திருந்த மரியாதையை அந்த நிமிஷமே திரும்ப வாங்கிக்கொண்டான்.

“எவ்வளவு வாங்கினே?” என்று கத்தினார் தயாரிப்பாளர். “ஃபாக்டரிக்காரன் எவ்வளவு குடுத்தான்?”

“காசா?” டைரக்டருக்கு அப்போதுதான் உண்மையிலேயே கோபம் வந்தது. எழுந்து நின்றான். “காசுக்குப் பண்றவனா நான்? அந்த முகத்தை நீங்க ஒழுங்காப் பார்த்திருக்கீங்களா? என் வாழ்க்கையில நான் அப்படி ஒரு ஷாட் எடுத்ததில்லை. அதுல சாம்பலைப் பூசச் சொல்றீங்க! முகமில்லாத கண்ணீரை எவன் பார்ப்பான்? ஒரு தடவை வெளில வந்துட்டா அப்புறம் மறைக்க ஒண்ணும் இல்லை. எல்லாம் படத்துக்காகத்தான்!”

“அவங்களுக்கு வேலை போச்சு. வீட்ல கல்லு விழுந்தது” என்றான் கொக்கி. அவனுக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

“படம் வரட்டும். உலகமே அவங்க பின்னாடி நிக்கும்.”

“என் பேர்?” என்றாள் எடிட்டர். “என் பேரை ஏன் சார் அதுல விட்டீங்க?”

“யாராவது ஒருத்தர் பேர் இருந்துதானே ஆகணும்” என்றான் டைரக்டர், மிகச் சாதாரணமாக.

“தூ!” என்றது ஒரு குரல்.

கொக்கி டிவியைப் பார்த்தான். படம் ஓடவில்லை. பிறகுதான் வாசலைப் பார்த்தான். இந்தத் தடவை நிஜமாகவே அவள். கார் வெக்கை தாங்காமல் ஏறி வந்து, எவ்வளவு நேரமாகக் கதவோரம் நின்றாளோ, முகமெல்லாம் வேர்த்திருந்தது.

டைரக்டரைத் தாண்டி நேராகத் தங்கச்சியிடம் போனாள்.

“லாகினை டிவியில அப்படியே விட்டது நீதானே?”

“ஆமாக்கா.”

“என் முகம் தெரியறது கீழயே கிடக்குன்னும் உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுடி நான் பொறுப்புன்னு சொன்னே?”

தங்கச்சிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் ஒரேயடியாக வந்தது. கொக்கி கைக்குட்டையை நீட்டினான். அக்காக்காரி அதைப் பிடுங்கித் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு அவளிடம் கொடுத்தாள்.

“நீங்க கேட்ட மாதிரி நிரூபிக்க முடியலைம்மா” என்றார் வக்கீலம்மா.

“பரவாயில்லை. வெறுக்க வேற ஆள் கிடைச்சாச்சு.”

தயாரிப்பாளர் கையைப் பிசைந்தார். “அம்மா, மன்னிச்சுக்குங்க. ப்ளரைக் கெட்டியாப் போடறோம். குரலை மாத்திடறோம்.”

“யாருக்கு மறைக்க? என் ஜன்னல்ல கல்லு விட்டவனுக்கு இந்த முகம் தெரியும். ஃபாக்டரி கேட்ல நிக்கற வாட்ச்மேனுக்குத் தெரியும். இனிமே மறைச்சா நான்தான் ஏதோ தப்பு பண்ணின மாதிரி இருக்கும். திறந்தே வையுங்க. இந்த ஆள் இழுத்து வெளில போட்டதா இருக்கக் கூடாது. நானே வந்து சொன்னதா இருக்கணும்.”

டைரக்டரின் முகம் மலர்ந்தது. “அதைத்தான் நானும் சொல்றேன்...”

“நீ வாயைத் திறக்காத.” அவனைப் பார்க்காமலே சொன்னாள். தங்கச்சியிடம் கேட்டாள், “படத்துல இவன் பேர் எங்க வரும்?”

“முதல்லயே வரும்க்கா. பெருசா.”

“என் முகத்து மேல இருக்கறதை எடுத்து அது மேல போடு.”

டைரக்டர் ரிமோட்டைச் சோபாவில் விட்டெறிந்தான்.

“முடியாது!” என்று அலறினான் டைரக்டர். “ஒப்பந்தம் இருக்கு!”

“இவங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்திருக்கீங்களே, முகத்தைக் காட்ட மாட்டோம்னு” என்றார் வக்கீலம்மா. “ரெண்டையும் எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்கே போகலாம் சார். நானும் மூணாவது தடவை அந்த வாசலை மிதிச்ச மாதிரி இருக்கும்.”

தயாரிப்பாளர் பாக்கெட்டில் இருந்த கம்ப்ளைண்டை எடுத்துப் பிரித்தார். “பேரை மாத்தணும். யாராவது பேனா குடுங்க.”

“இந்தாங்க சார்” என்றான் கொக்கி. “இது ரிப்பேர் இல்லை.”

எடிட்டிங் அறைக்குள் தங்கச்சி உட்கார்ந்தாள். அக்காக்காரி கப்புகளை ஒதுக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தை மூடியிருந்த சாம்பல் விலகியது. படம் நின்ற இடத்தில் கண் பாதி மூடியிருந்தது. யாரும் சொல்லாமலே தங்கச்சியின் விரல் நாலு தடவை தட்டியது.

அக்காக்காரி திரையில் இருந்த தன் கண்களை வெகுநேரம் பார்த்தாள்.

“இது இருக்கட்டும்” என்றாள். “இப்ப அவன் பேரைக் காட்டு.”

திரை நிறைய அந்தப் பேர் வந்தது. அதன் மேல் சாம்பல் விழுந்தது. அவள் முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

“இன்னும் தெரியுதுடி. கெட்டியாப் போடு.”

தங்கச்சி இன்னும் கெட்டியாகப் போட்டாள்.